மகளுக்கு ஜப்பானில் ஒரு செமஸ்டர்: அனுப்புவதா, வேண்டாமா?

எல்லீஸ்நகர்_அப்பா | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். இங்கே கல்லூரி வாத்தியார்கள், வெளிநாடு போய் வந்தவர்கள் நிறையப் பேர் எழுதுவதால் கேட்கிறேன்.

என் மகள் மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறாள். அவர்கள் கல்லூரிக்கும் ஜப்பானில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தமாம். வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகள் அங்கே போய் ஒரு செமஸ்டர் படிக்கலாம். இந்தத் தடவை தேர்வான இரண்டு பேரில் இவள் ஒருத்தி. அக்டோபரில் அங்கே வகுப்பு தொடங்கும், பிப்ரவரியில் திரும்பலாம்.

அங்கே பீஸ் கிடையாது. இங்கே வழக்கமாகக் கட்டுவதை இங்கேயே கட்டினால் போதும். டிக்கெட், தங்குவது, சாப்பாடு எல்லாம் நம் செலவு. மாதம் 80,000 யென் உதவித்தொகைக்கு அந்தப் பல்கலைக்கழகமே பெயரை அனுப்பும், ஆனால் கிடைத்தால் உண்டு என்கிறார்கள்.

எனக்கு டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் சின்ன எலெக்ட்ரிகல் கடை. வீட்டில் இதுவரை யாரும் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. மகள் ஒரு வாரமாக ஜப்பான் எழுத்து எழுதிப் பழகுகிறாள், கடை பில் புக்கின் பின்பக்கம் முழுக்க அதுதான். அவள் அம்மாவுக்கு ஒரே பயம். எனக்கோ யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று சொன்னாலே போதும், போய்க் கேட்டுக்கொள்கிறேன்.

நேராப்_பேசு | ஞாயிறு, இரவு 10.15

ஐயா, அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தீர்களா? நம் ஊர்க் கல்லூரிகளில் எம்ஓயு என்றால் ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, மறுநாள் பேப்பரில் ஒரு போட்டோ. கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வரும்போது எண்ணிக்கை காட்ட உதவும். நான் படித்த இடத்தில் வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்த போட்டோதான், ஒரு பிள்ளைகூட விமானம் ஏறியதில்லை.

ஜப்பான்காரர்கள் ஏன் கூப்பிடுகிறார்கள் என்றும் யோசியுங்கள். அங்கே பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள், பல்கலைக்கழகத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. 2033-க்குள் 4 லட்சம் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டுவரப் போவதாக அவர்கள் அரசே இலக்கு வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மோடி அங்கே போனபோது ஐந்து வருஷத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 5 லட்சம் பேர் போய்வர வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மகளும் ஒரு எண், அவ்வளவுதான்.

வைகை_வடகரை | ஞாயிறு, இரவு 11.05

நேராப்_பேசு சார், எண்ணாக இருந்தால் என்ன, போகிறவள் பெண்தானே. அவளுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

அண்ணா, நான் பல்கலை நகரில் பிஎச்டி செய்தபோது ஆறு மாதம் ஃபுகுவோகாவில் இருந்தேன். ஆராய்ச்சி மாணவிக்கும் இளங்கலைப் பிள்ளைக்கும் விதிகள் கொஞ்சம் மாறும், ஆனாலும் பெரும்பாலானது இதுதான்.

பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே விண்ணப்பியுங்கள். அப்புறம் சி.ஓ.இ. அது கைக்கு வராமல் விசா கிடையாது. அந்தப் பல்கலைக்கழகமே அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கித் தரும், இரண்டு மூன்று மாதம் இழுக்கும். உங்கள் பேங்க் இருப்புச் சான்று அதற்குத்தான் கேட்பார்கள். அது வந்த பிறகு சென்னையில் விசா மனு.

போய் இறங்கியதும் விமான நிலையத்திலேயே ரெசிடென்ஸ் கார்டு கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு வீட்டு முகவரி உறுதியான 14 நாளைக்குள் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுவார்கள். டாக்டர் பில்லில் 30 சதவீதம்தான் நாம் கொடுப்போம். 80,000 யென் கிடைத்தால் நம் பணத்தில் ஏறக்குறைய 45,000 ரூபாய். எனக்கு விடுதி வாடகை 28,000 யென். சமைத்துச் சாப்பிட்டால் கையைக் கடிக்காது, வெளியே சாப்பிட்டால் கடிக்கும். வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி வாங்கலாம். நாலு மாதத்துக்குப் போகிற பிள்ளைக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

சைவம் என்றால் கொஞ்சம் திண்டாட்டம். காய்கறி சூப் என்று எழுதியிருக்கும், அடியில் மீன் சாறு இருக்கும். பொடி வகைகள் கொடுத்துவிடுங்கள். கறி சேர்ந்த எதுவும் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே கொண்டுபோக முடியாது. சளி மாத்திரையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள்.

எனக்கு அங்கே பெரிய பாடம் குப்பைதான். ஃபுகுவோகாவில் குப்பை வண்டி ராத்திரிதான் வரும். எரிகிற குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், பாட்டில் ஒரு நாள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பை, அந்தப் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் வாரம் நான் வைத்த பை மறுநாள் காலையில் அப்படியே இருந்தது, மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். எழுத்தைக் கூட்டிப் படித்து அர்த்தம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. ஆறு மாதத்தில் நான் முழுசாகப் படித்த முதல் ஜப்பானிய வாக்கியம் அதுதான்.

எல்லீஸ்நகர்_அப்பா | திங்கள், காலை 7.20

ரொம்ப நன்றிம்மா. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு சந்தேகம். சி.ஓ.இ. அங்கிருந்து வரும் என்கிறீர்கள். மகளைக் கேட்டால் சி.ஓ.இ. அவர்கள் கல்லூரியில் இரண்டாவது மாடியில் இருக்கிறார், ரொம்பக் கோபக்காரர் என்கிறாள்.

வைகை_வடகரை | திங்கள், காலை 7.45

ஐயோ அண்ணா, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது. மகள் சொல்வது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். நான் சொன்னது ஜப்பான் குடிவரவுத் துறை கொடுக்கும் தகுதிச் சான்று. இரண்டுக்கும் அதே மூன்று எழுத்து.

போர்டு_மெம்பர் | திங்கள், மதியம் 1.30

சிரித்தாலும் விஷயம் அந்த இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது. நான் வேறு ஊரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், துறையின் பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸிலும் இருக்கிறேன். விசா, பொடி, குப்பைப் பை எல்லாம் அப்புறம். முதலில் காலண்டரை எடுங்கள் சார்.

நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் ஜூனில் தொடங்கி நவம்பர் தேர்வோடு முடியும். இரட்டைப்படை டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜப்பானில் கல்வியாண்டு தொடங்குவதே ஏப்ரலில். அவர்களுடைய இரண்டாம் பருவம் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ தொடங்கி பிப்ரவரி வரை போகும். உங்கள் மகள் அக்டோபரில் அங்கே இருந்தால், ஐந்தாம் செமஸ்டர் நவம்பர் தேர்வுக்கு இங்கே ஆள் இல்லை. பிப்ரவரியில் திரும்பினால் ஆறாம் செமஸ்டரில் பாதி ஓடியிருக்கும். ஒரு செமஸ்டர் என்று சொல்லி அனுப்புகிறார்கள், கணக்கில் இரண்டு செமஸ்டர் அடிபடுகிறது. அதுவும் கடைசி வருஷத்தில்.

அடுத்தது கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கிற மதிப்பலகு. ஜப்பானில் சாதாரணமாக ஒரு பாடத்துக்கு வாரம் ஒரே வகுப்பு, 90 நிமிஷம். 15 வாரம் நடந்தால் 2 கிரெடிட். மொத்தம் 22½ மணி நேரம். நம் மேஜர் பேப்பருக்கு வாரம் ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 75 மணி நேரம், அதற்கு 4 கிரெடிட். அவர்கள் ஏமாற்றவில்லை. மாணவர் அறையில் உட்கார்ந்து தானாகப் படிக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு. நாம் வகுப்பறை மணியை மட்டும் எண்ணுகிறவர்கள். அந்த 2-ஐ இங்கே 2 என்றே ஏற்பார்களா, மணிக்கணக்குப் பார்த்துக் குறைப்பார்களா? இதைக் கிளம்புவதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டும். விசாவுக்காகவே வாரம் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தாக வேண்டும், அதாவது ஏழு வகுப்பு. அந்த ஏழு எவை?

இங்கேதான் இன்னொரு சிக்கல். மாற்று மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் பெரும்பாலும் ஜப்பானிய மொழி, பண்பாடு, வரலாறு, சுற்றுச்சூழல் என்று இருக்கும். மைக்ரோபயாலஜி ஆங்கிலத்தில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். லேப் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் பிராக்டிகலை எப்போது செய்வாள்?

நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள். இடது பக்கம் அவள் அங்கே எடுக்கப்போகும் பாடங்கள், வலது பக்கம் அதற்கு ஈடாக இங்கே எந்த பேப்பர், பேப்பர் கோடோடு. கீழே துறைத்தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இரண்டு பேர் கையெழுத்தும், அகாடமிக் கவுன்சில் தீர்மான எண்ணும். யூஜிசி 2022-இல் கொண்டுவந்த விதிகள் ட்வின்னிங், கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் பற்றியவை. உங்களுடையது அந்த வகை இல்லை என்பதால் இந்தத் தாள்தான் உங்களுக்குப் பிடிமானம். அது கைக்கு வராமல் டிக்கெட் போடாதீர்கள்.

அரியர்_ஆண்டவர் | திங்கள், மாலை 6.10

போர்டு_மெம்பர் சார் சொன்ன தாள் இல்லாமல் போய் வந்தவன் நான். ஜப்பான் இல்லை, வேறு நாடு. கல்லூரி பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கே ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கிறது.

“நீ போயிட்டு வா, நாங்க பாத்துக்கறோம்” என்றார்கள். நானும் போனேன், நன்றாகவே படித்தேன், ஒரு பேப்பரில் ‘ஏ’ கிரேடு. திரும்பி வந்து பார்த்தால் அதே பேப்பருக்கு ஈடான இடத்தில் என் மார்க் ஷீட்டில் ‘ஏபி’ என்று இருக்கிறது. ஆப்சென்ட். மொத்தம் நாலு பேப்பர் அப்படி. பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன முதல்வர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் ஃபைலைக் கேட்டார், ஃபைலில் விமான நிலையத்தில் எனக்கு மாலை போட்ட போட்டோ மட்டும் இருந்தது.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனி, அரியர் இருந்தால் உட்காரவே விடாது. நாலையும் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதி முடித்தேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும் ஐயா. மறுபடியும் ‘போகிறாயா’ என்று கேட்டால் போவேன். தாளோடு போவேன்.

ஓய்வூதியர் | திங்கள், இரவு 8.40

சால்வை எம்ஓயு என்று தம்பி நேராப்_பேசு சொன்னதை மறுக்க மாட்டேன். நானே நாலைந்து சால்வை போர்த்திக்கொண்டவன். ஆனால் மதுரைக்கு இந்தப் போக்குவரத்து புதிதில்லை, அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

1881-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி கோரிப்பாளையத்தில் இருக்கிறது. 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் தொடங்கியது தல்லாகுளத்தில் லேடி டோக். இந்த இரண்டு கல்லூரிக்கும் அமெரிக்காவின் ஓபர்லினிலிருந்து ஷான்சி திட்டத்தில் பட்டம் முடித்த பிள்ளைகள் வந்து, தங்கி, நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஒரு வருஷப் படிப்புக்கு மாணவர்களை இங்கே அனுப்பியது. இந்தியவியல் படிக்கிற அமெரிக்கர்களுக்கான நிறுவனம் தன்னுடைய தமிழ் வகுப்பை சென்னையில் வைக்கவில்லை, மதுரையில் வைத்தது. மேலமாசி வீதியில் ஜிப்பா போட்ட வெள்ளைக்காரப் பையன் பேரம் பேசினால் எங்கள் காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. அமெரிக்காவோடு ஃபுல்பிரைட் என்ற கல்விப் பரிமாற்ற ஒப்பந்தம் 1950 பிப்ரவரி 2-ஆம் தேதி கையெழுத்தானது. அப்புறம் 1954-இல் பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டம், அதன்படிதான் அங்கிருந்து கோதுமை வந்தது. அந்தக் கோதுமையை வாங்க ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கோதுமைக்கு இந்தியா ரூபாயாகவே பணம் கொடுத்தது, அந்த ரூபாயை அமெரிக்கா இங்கேயே செலவழிக்க வேண்டும். 1962-இலிருந்து அதில் ஒரு பகுதியைக் கொண்டு நம் மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நாம் சப்பாத்தி சாப்பிட்ட காசில் தமிழ் நாவல் சிகாகோவுக்குப் போனது. பின்னால் அதே சிகாகோ பல்கலைக்கழகம் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பை வாங்கியபோது கப்பல் ஏற்றவில்லை, 1994-இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. முப்பது வருஷத்தில் அவர்கள் புத்தி எவ்வளவு மாறியது பாருங்கள்.

ஜப்பானுக்கு வருகிறேன். இரண்டு நாட்டுக்கும் கலாசார ஒப்பந்தம் 1957-இல் நடைமுறைக்கு வந்தது. நட்பு நாடு, கூட்டாளி நாடு என்று டெல்லியில் பேசுவது ஒரு பக்கம். 1961-இல் நொபுரு கராஷிமா என்று ஓர் இளைஞர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து மூன்று வருஷம் கல்வெட்டு படித்தார். திருச்சிப் பக்கம் அல்லூர், ஈசானமங்கலம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஒன்று பிரம்மதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர், ஒன்று இல்லை. இரண்டு ஊரிலும் சோழர் காலத்தில் நிலம் யார் யார் கையில் எப்படி இருந்தது என்று கல்வெட்டை வைத்தே ஒப்பிட்டுக் காட்டினார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி இருவரோடும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி மூன்று தொகுதி அட்டவணை செய்தார். 1978-இல் அதை வெளியிட்டது எந்த ஊர்ப் பதிப்பகம் தெரியுமா? நம் மேலவெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணை. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடிக்கிற தூரம். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திய ஆராய்ச்சி மன்றத்துக்கு அவர்தான் தலைவர், 2013-இல் பத்மஸ்ரீ.

நேராப்_பேசு | திங்கள், இரவு 9.05

ஐயா, எல்லாம் சரி. அவர்கள் வந்தார்கள், படித்தார்கள், புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் போனார்கள்? ஒரு வழிப் பாதைக்குப் பரிமாற்றம் என்று பெயரா?

ஓய்வூதியர் | திங்கள், இரவு 9.30

நல்ல கேள்வி. நான் பார்த்தவரை போனவர்கள் எங்களைப் போன்ற வாத்தியார்களும் பிஎச்டிகாரர்களும்தான். எலெக்ட்ரிகல் கடைக்காரர் மகள் இளங்கலையிலேயே போவது எங்கள் காலத்தில் இல்லை. அதனால்தான் இந்தப் பெண் போக வேண்டும் என்கிறேன். 2008-க்கு அப்புறம் ஃபுல்பிரைட்டிலேயே இந்தியாவும் சரிபாதிக் காசு போடுகிறது, பெயரையும் ஃபுல்பிரைட்-நேரு என்று மாற்றிவிட்டார்கள். காசு போட்டால்தான் பாதை இரண்டு வழியாகும்.

போர்டு_மெம்பர் | திங்கள், இரவு 10.00

காசு மட்டும் இல்லை ஐயா. எல்லீஸ்நகர் சாருக்கு அங்கே பீஸ் இல்லை என்றார்களே, அது தானம் இல்லை. இங்கிருந்து இரண்டு பேர் போனால் அங்கிருந்து இரண்டு பேர் வர வேண்டும், அவரவர் பீஸ் அவரவர் ஊரில், அதுதான் ஒப்பந்தம். நாம் அனுப்பிக்கொண்டே இருந்து அங்கிருந்து ஆளே வராவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் நம் பிள்ளைகளுக்கு இடத்தைக் குறைத்துவிடுவார்கள். அங்கிருந்து வருகிற பிள்ளைக்கு இங்கே தங்க ஒழுங்கான அறை இருக்கிறதா, ஆங்கிலத்தில் பாடம் இருக்கிறதா, கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா? பல ஒப்பந்தங்கள் செத்துப்போவது இங்கேதான்.

சொக்கிகுளம்_அத்தை | செவ்வாய், மதியம் 2.15

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆள் வர வேண்டும் என்று போர்டு_மெம்பர் தம்பி சொன்னதால் எழுதுகிறேன்.

2006-இல் தமிழ் படிக்க வந்த ஓர் அமெரிக்கப் பெண் எங்கள் வீட்டு மாடியில் ஒன்பது மாதம் இருந்தாள். வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம் ஒன்று கொடுக்க வேண்டும், யார் வீட்டில் வெளிநாட்டவர் தங்கினாலும் உண்டு. அப்போது அதற்கு சி-ஃபார்ம் என்று பெயர். என் வீட்டுக்காரர் அதற்கு இரண்டு நடை நடந்தார். இப்போது ஆன்லைனில் செய்துவிடலாமாம்.

அவள் புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு வந்தவள். முதல் வாரம் தள்ளுவண்டிக்காரம்மாவிடம் போய், “எனக்கு அரைக் கிலோ தக்காளி வேண்டும். அதன் விலை என்ன?” என்றாள். அந்தம்மா தராசைக் கீழே வைத்துவிட்டு, “என்ன தாயி, ரேடியோ நியூஸ் மாதிரி பேசுற?” என்றது. அன்று முழுக்க என்னைக் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் இரண்டு வரிசையாக எழுதினாள், ஒரு பக்கம் ரேடியோ தமிழ், ஒரு பக்கம் தக்காளித் தமிழ். பெரியார் பஸ் ஸ்டாண்டில் போர்டைப் படித்துத்தான் பஸ் ஏறுவேன் என்று பிடிவாதம். ‘திருப்பரங்குன்றம்’ என்று அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். இரண்டு மூன்று பஸ் அப்படிப் போகும். நான் ‘ஏறும்மா’ என்றால் முறைப்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி மாடியில் அழுகிற சத்தம். காய்ச்சல் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா அழுகை. என் மாமியாருக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது. கஞ்சி வைத்து, நார்த்தங்காய் ஊறுகாயோடு எடுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேசவே இல்லை. அவள் குடித்து முடிக்கும்வரை முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவள் மாமியாரை ‘அப்பத்தா’ என்றுதான் கூப்பிட்டாள். மாமியார் காரியத்துக்கு அங்கிருந்து போன் செய்து, ரேடியோ தமிழில் இல்லை, தக்காளித் தமிழில் அழுதாள்.

எல்லீஸ்நகர் தம்பி, உங்கள் மகளுக்கும் அங்கே அந்த மூன்றாவது வாரம் வரும். அவள் அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். போனில் அழுதால் ‘அடுத்த விமானத்தில் கிளம்பி வா’ என்று சொல்லிவிட வேண்டாம். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் போதும்.

எல்லீஸ்நகர்_அப்பா | செவ்வாய், இரவு 10.20

அக்கா, நீங்கள் எழுதியதை அவள் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, “அந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரியாத்தான் இருக்காங்க. அந்த மாதிரி ஜப்பான்ல யாராச்சும் இருப்பாங்களா கேளுங்க” என்றாள். நாளை கல்லூரிக்குப் போகிறேன்.

வைகை_வடகரை | செவ்வாய், இரவு 10.35

இருப்பார்கள் அண்ணி. எனக்குக் கீழ்வீட்டுப் பாட்டி ஒருவர் இருந்தார். குப்பைப் பையில் ஸ்டிக்கர் ஒட்டியது அவர்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிறகு அவரே வாரா வாரம் எந்தக் கிழமை எந்தப் பை என்று படம் வரைந்து என் கதவில் மாட்டுவார்.

எல்லீஸ்நகர்_அப்பா | அடுத்த சனி, இரவு 9.15

போய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நடை.

முதல் நடையில் ‘தாளா, என்ன தாள்?’ என்றார்கள். போர்டு_மெம்பர் சார் எழுதியதை அப்படியே காட்டினேன். துறைத்தலைவர் மேடம் படித்துவிட்டு, “இதை யார் எழுதினது?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “கரெக்டாத்தான் எழுதியிருக்கார்” என்று சொல்லி உட்கார வைத்தார். காலண்டர் விஷயம் அவருக்கும் முன்பே உறுத்திக்கொண்டிருந்ததாம், யாரும் கேட்காததால் அப்படியே கிடந்திருக்கிறது.

இப்போது முடிவானது இதுதான். ஐந்தாம் செமஸ்டரில் மூன்று தியரி பேப்பருக்கு அங்கே படிக்கும் பாடங்கள் ஈடு, 2 கிரெடிட்டை 2 என்றே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பிராக்டிகலையும் கிளம்புவதற்கு முன் ஆகஸ்ட், செப்டம்பரில் தனி பேட்ச் வைத்து முடித்துவிடுவார்கள். மீதி ஒரு பேப்பருக்கு அங்கே ஈடு இல்லை, ஏப்ரலில் ஆறாம் செமஸ்டரோடு எழுத வேண்டும். பிப்ரவரி வரைக்கும் ஓ.டி. கொடுப்பார்கள், வருகைப் பதிவு அடிபடாது. அந்த இரண்டாவது மாடி சி.ஓ.இ. கோபக்காரர் இல்லை, காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகப் பேசுகிறார். அகாடமிக் கவுன்சில் அடுத்த மாதம் கூடுகிறது. தீர்மான எண் வந்த பிறகுதான் டிக்கெட் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. கொழும்பு வழியாக நரிதா போகலாம் என்று மகள் பார்த்து வைத்திருக்கிறாள்.

ஒரு விஷயம். மிக்ஸி கொடுத்துவிடச் சொல்லி அவள் அம்மா பிடிவாதம். ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட் என்று படித்தேன். இந்த இழையில் எனக்குத் தெரிந்த ஒரே சங்கதி வந்திருப்பதால் சொல்லிவிடுகிறேன்: நம் 230 வோல்ட் மிக்ஸி அங்கே ஐந்தில் ஒரு பங்கு சக்திகூடக் காட்டாது, முனகும், சட்னி அரையாது. ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டால் மிக்ஸியைவிட அது கனம். போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் தாராளமாகக் கொண்டுபோகலாம், தட்டைக் கால் பிளக் மாட்டினால் போதும். மற்றவர்களுக்கும் உதவும்.

நேராப்_பேசு | சனி, இரவு 9.40

மூன்று நடைக்குத் தாள் வந்துவிட்டதா? நான் எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான். தீர்மான எண் வரட்டும்.

அரியர்_ஆண்டவர் | சனி, இரவு 9.50

அந்த ஏப்ரல் பேப்பர் மார்க் ஷீட்டில் அரியர் என்று வருமா, வேறு பெயரில் வருமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள் ஐயா. என் ஜென்மத்தில் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

எல்லீஸ்நகர்_அப்பா | சனி, இரவு 10.30

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. திங்கட்கிழமை நாலாவது நடை.

அத்தைக்கு ஒரு செய்தி. டிசம்பரில் ஜப்பானிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம், ஒரு செமஸ்டர். ஹாஸ்டலில் அறை தயாராக ஒரு மாதம் ஆகும் என்று மேடம் கவலைப்பட்டார். மகள் அறை காலியாகத்தானே இருக்கும், எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். வீட்டில் வந்து சொன்னால் திட்டு விழும் என்று பார்த்தேன், அவள் அம்மா அந்த அறைக்குப் புதுத் திரைச்சீலை பார்க்கலாம் என்கிறாள். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

சொக்கிகுளம்_அத்தை | சனி, இரவு 10.55

அறை மாடியா, கீழேயா? கீழே என்றால் ஜன்னலுக்குக் கொசுவலை முதலில். குளியலறையில் வாளியும் சொம்பும் எப்படிப் பயன்படுத்துவது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். தண்ணீர் கேன் தனியாக ஒன்று. முதல் நாலு நாளைக்குக் காரம் பாதி. ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டாம், மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். நான் சொன்ன அந்தப் படிவத்துக்கு அவள் பாஸ்போர்ட், விசா ஜெராக்ஸ் வேண்டும், வந்த அன்றே வாங்கி வையுங்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் நான் கொடுத்தனுப்புகிறேன்.